ஒரு கார்டு செட்டை முழுசா கட்டணும்னு ஏன் தோணுது? காமன் கார்டுல இருந்து பார்த்தா தான் புரியும்

நீங்க கேட்டது மேலோட்டமா பார்த்தா விலை பத்தின கேள்வி மாதிரி இருக்கு. 1999ல இங்கிலீஷ்ல வந்த போகிமான் கார்டுகளோட முதல் வரிசையான பேஸ் செட்டும் 2000ல வந்த பேஸ் செட் 2ம் பெரும்பாலும் அதே படங்கள் தான், எல்லாரும் தேடுற சாரிசார்ட்ங்கிற போகிமானோட கார்டு கூட அச்சு அசல் அதே தான், ரெண்டுமே கால் நூற்றாண்டு பழசு, அப்படி இருந்தும் முதல் செட்டுக்கு தான் அடிச்சுக்கிறாங்க, ரெண்டாவது எப்பவும் ஒரு படி கீழேயே நிக்குது, இதுக்கு காரணம் அரிதா கிடைக்கிறதா, படமா, இல்ல சின்ன வயசு ஞாபகமான்னு கேட்டிருக்கீங்க. கடைசியில ஒரு வரி சேர்த்திருக்கீங்க, நானும் ஒரு செட்டை முழுசா கட்டலாம்னு இருக்கேன், எதை எடுக்கலாம்னு. அந்த கடைசி வரி தான் உண்மையான கேள்வின்னு நான் எடுத்துக்கிறேன். ஒரு தனி கார்டு ஏன் விலை போகுதுங்கிறது வேற விஷயம், ஒரு செட்டை ஏன் ஒருத்தர் ஒண்ணு விடாம தேடித் தேடி சேர்க்கிறாருங்கிறது வேற விஷயம். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதால தான் பாதிப் பேர் தப்பான செட்டுல பணத்தைப் போட்டுட்டு நடுவுல விட்டுடறாங்க.

நான் இங்க நியூ ஜெர்சியில பல வருஷமா பழைய கலெக்ஷன்களை மொத்தமா வாங்கி, பிரிச்சு, செட் கட்டுறவங்களுக்கு விடுபட்ட கார்டுகளை விக்கிறேன். அதனால நான் தினமும் பேசுற ஆட்கள் ஒரு கார்டை லட்சக்கணக்குல வாங்கி லாக்கர்ல வைக்கிறவங்க இல்ல, கையில ஒரு பேப்பர்ல நம்பர் எழுதிட்டு வந்து "23, 37, 88 இருக்கா?"ன்னு கேக்கிறவங்க. போகிமானும் பழைய பேஸ்பால் கார்டும் எனக்கு நல்லா தெரியும், மேஜிக்ங்கிற கார்டு ஆட்டம் ஓரளவு தெரியும், யூ-கி-ஓ பக்கம் நான் போனதில்ல, அதனால அதைப் பத்தி இங்க பேசல. நாளைக்கு எது விலை ஏறும்னும் நான் சொல்லப் போறதில்ல.

முதல்ல எனக்கு சந்தேகமே இல்லாத ஒண்ணு. ஒரு செட்டுக்கு எல்லை இருக்கணும், அந்த எல்லை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பேஸ் செட் கார்டை கையில எடுத்தா வலது பக்கம் கீழ் மூலையில பொடி எழுத்துல 4/102ன்னு இருக்கும், பக்கத்துல ஒரு வட்டமோ டைமண்டோ நட்சத்திரமோ இருக்கும், வட்டம்னா காமன், சுலபமா கிடைக்கிறது, டைமண்ட்னா அன்காமன், கொஞ்சம் கம்மியா கிடைக்கிறது, நட்சத்திரம்னா ரேர், அரிதானது. 8 வயசு பையனுக்குக் கூட அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மொத்தம் 102 இருக்கு, என்கிட்ட இருக்கிறது 4வது, இது கஷ்டமான கார்டுன்னு மூணு விஷயமும் புரிஞ்சிடும். யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. அந்த "/102" தான் கலெக்டரையே உருவாக்குது, ஏன்னா அதைப் பார்த்த நிமிஷத்துல இல்லாத கார்டும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடும்.

எல்லை இருந்தா மட்டும் போதாது, அது எட்டக்கூடிய தூரத்துல இருக்கணும், ஆனா தனி ஆளா எட்ட முடியாத தூரத்துல இருக்கணும். இதை நான் சும்மா சொல்லல, கணக்கே போட்டுப் பார்க்கலாம். இங்கிலீஷ் பேஸ் செட்டுல ஹோலோ, அதாவது படம் மின்னுற கார்டு, மொத்தம் 16, அதுல மச்சாம்ப் மட்டும் ஸ்டார்ட்டர் செட்டுல கூடவே வந்துடும், பேக்ல வராது, ஆக பேக்ல இருந்து எடுக்க வேண்டியது 15. ஒரு பேக்ல 11 கார்டு, அதுல ஒரே ஒரு ரேர், சுமாரா மூணு பேக்குக்கு ஒண்ணுல தான் அந்த ரேர் ஹோலோவா இருக்கும். பதினஞ்சுக்கும் சம வாய்ப்புன்னு வச்சுக்கிட்டா முதல் 8 வேற வேற ஹோலோ கிடைக்க சராசரியா 33 பேக் பிரிச்சா போதும், அதாவது 36 பேக் இருக்கிற ஒரு பாக்ஸுக்குள்ளயே பாதிக்கு மேல முடிஞ்சிடும், ஆஹா சுலபம் தான்னு தோணிடும். ஆனா 14 கிடைச்சு கடைசி ஒண்ணு மட்டும் பாக்கின்னா அந்த ஒண்ணுக்கு மட்டும் சராசரி 45 பேக். ஆரம்பத்துல இருந்து கூட்டினா 15ஐயும் பேக் பிரிச்சே முடிக்க கிட்டத்தட்ட 150 பேக் ஆகும், அதுக்குள்ள கையில 35 டூப்ளிகேட் ஹோலோ சேர்ந்திருக்கும். அந்த 35ஐ வச்சுக்கிட்டு என்ன பண்றது, பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட மாத்திக்க வேண்டியது தான். நல்ல செட்டோட கணக்கு இப்படித் தான் இருக்கும், ஆரம்பத்துல கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு, கடைசியில இன்னொரு கலெக்டர்கிட்ட அனுப்பி வைக்கும். ட்ரேடிங் கார்டுங்கிற பேர்ல இருக்கிற ட்ரேடிங் நடக்கிறதே அந்த கடைசி கட்டத்துல தான்.

மச்சாம்ப் கதையை இங்க சொல்லியே ஆகணும், ஏன்னா வாரத்துக்கு ஒருத்தராவது கண்ணு விரிய அதை என்கிட்ட கொண்டு வர்றாங்க. முதல் அச்சுன்னு காட்டுற ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை இருக்கு, ஹோலோவா இருக்கு, 1999னு போட்டிருக்கு, அதனால பெரிய விலை போகும்னு நினைச்சுட்டு வருவாங்க. ஆனா அந்த ஸ்டார்ட்டர் செட் ஒவ்வொண்ணுலயும் ஒரு மச்சாம்ப் கட்டாயம் இருந்துச்சு, அதுல பெரும்பாலும் முத்திரையும் இருந்துச்சு, அதனால முத்திரை இருந்தும் அது கஷ்டமான கார்டு இல்ல. ஒரு கார்டுல என்ன அச்சடிச்சிருக்குங்கிறதை விட அது எந்த வழியா ஜனங்க கைக்கு வந்துச்சுங்கிறது தான் முக்கியம், இதுல பழகின கலெக்டர்கள் ஏமாறுறதே இல்ல.

எட்டக்கூடிய தூரம்னு சொன்னேன்ல, அதுக்கு பழைய உதாரணம் டி206. அமெரிக்கன் டொபேக்கோ கம்பெனி 1909ல இருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வச்சுக் கொடுத்த பேஸ்பால் கார்டுகள், தீப்பெட்டி படம் மாதிரி குட்டியா இருக்கும், மொத்தம் 524. அதுல ஹோனஸ் வாக்னர் கார்டு இன்னைக்கு உலகத்துல அறுபதுக்குள்ள தான் இருக்கு, 2022ல ஒண்ணு 72.5 லட்சம் டாலருக்கு கை மாறுச்சு. அப்ப சாதாரண ஆள் அந்த செட்டை எப்படி முடிக்கிறது? கலெக்டர்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வாக்னர், எடி பிளாங்க், பேர் தப்பா அச்சான மேகி, டாயலோட ஒரு அரிய வகை, இந்த நாலையும் ஒதுக்கி வச்சுட்டு 520 முடிச்சா செட் முடிஞ்ச மாதிரின்னு அவங்களுக்குள்ளயே ஒரு வழக்கம் வந்துடுச்சு. கம்பெனி போட்ட எல்லை எட்டாத இடத்துல இருந்ததால ஜனங்க தாங்களே ஒரு எல்லை போட்டுக்கிட்டாங்க. முடிக்க முடியாத செட்டை மனுஷங்க விரும்ப மாட்டாங்கன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இதை விட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியல.

இதுக்கு நேர் எதிரா 1933ல கவுடி கம்பெனி போட்ட பேஸ்பால் செட். சூயிங் கம் கூட வந்த 240 கார்டு செட், அதுல 106வது நம்பர் கார்டை அந்த வருஷம் கம்பெனி அச்சடிக்கவே இல்ல. பசங்க அது எங்கயோ இருக்கும்னு நம்பி கம் வாங்கிட்டே இருந்தாங்க. கடைசியில கடுப்பாகி கம்பெனிக்கு லெட்டர் போட ஆரம்பிச்சாங்க, அப்புறம் 1934ல நெப்போலியன் லாஷுவே கார்டை 106ன்னு அச்சடிச்சு, லெட்டர் போட்டவங்களுக்கு தபால்ல அனுப்பி வச்சாங்க. தபால்ல பேப்பர் கிளிப் போட்டு அனுப்பினதால அந்த கார்டுல பலதுக்கு மேல் ஓரத்துல கிளிப் தடம் இருக்கும். இன்னைக்கு அது பெரிய விலை உள்ள கார்டு, சரி தான், ஆனா அன்னைக்கு அது பசங்களை ஏமாத்தின வேலை. கஷ்டம்னா கலெக்டர் தாங்கிப்பார், சூதுன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவார். கடைசி கார்டு எங்கயோ நிஜமா இருக்குங்கிற நம்பிக்கை தான் செட் கட்டுறவங்களோட ஒரே பிடிமானம்.

இப்ப நான் ரொம்ப உறுதியா நம்புற விஷயத்துக்கு வர்றேன், இதை எங்கயும் பெருசா யாரும் பேசுறதில்ல. ஒரு செட்டோட தரத்தை அதோட காமன் கார்டை வச்சு தான் எடை போடணும். சேஸ் கார்டை, அதாவது எல்லாரும் துரத்துற அந்த ஒண்ணு ரெண்டு பெரிய கார்டை வச்சு எடை போடவே கூடாது. பாயசம் மட்டும் பிரமாதமா இருந்து சோறு வேகலன்னா பந்தியில எவ்வளவு நேரம் உக்காருவீங்க? 102 கார்டு செட்டுல உங்க கையில எப்பவும் இருக்கப் போறது காமனும் அன்காமனும் தான், கார்டு செருகி வைக்கிற பைண்டரைப் புரட்டும்போது பத்துல ஏழு பாக்கெட்டுல அவங்க தான் இருக்காங்க.

பேஸ் செட்டுல சார்மாண்டர் 46வது கார்டு, காமன், 50 எச்பி, அதாவது ஆட்டத்துல அது தாங்குற அடியோட அளவு. சார்மிலியன் 24, அன்காமன், 80 எச்பி. சாரிசார்ட் 4, ஹோலோ ரேர், 120 எச்பி, ஃபயர் ஸ்பின்ங்கிற தாக்குதல் போட்டா 100 டேமேஜ், அந்த செட்டோட பெரிய அடிகள்ல ஒண்ணு அது. சார்மாண்டர் வளர்ந்தா சார்மிலியன், அது வளர்ந்தா சாரிசார்ட். மூணையும் வரைஞ்சது ஒரே ஆள், மிட்சுஹிரோ அரிட்டா. ஒன்பது பாக்கெட் இருக்கிற பைண்டர் பக்கத்துல இந்த மூணையும் ஒரே வரிசையில வச்சுப் பாருங்க. அஞ்சு காசு பெறாத சார்மாண்டர்ல ஆரம்பிச்சு, கை வந்து நடுவுல சார்மிலியன்ல நின்னு, அந்த மூணாவது பாக்கெட் காலியா இருந்தா அது எப்படி உறுத்தும்னு வச்சுப் பார்த்தவங்களுக்குத் தான் தெரியும். சாரிசார்டை சாரிசார்ட் ஆக்கினதே அந்த சார்மாண்டர் தான், அது எல்லார்கிட்டயும் இருந்துச்சு, எல்லாரும் அந்த வரிசையோட முதல் படியில நின்னாங்க. காமன் கார்டு மேல பிரியம் வந்தா தான் பெரிய கார்டு மேல ஏக்கம் வரும். பிக்காச்சு கூட அந்த செட்டுல 58வது, வெறும் காமன், அதுலயும் முதல் அச்சுல கன்னம் சிவப்பா இருந்து அப்புறம் மஞ்சளா மாத்தினாங்க, அந்த சின்ன வித்தியாசத்துக்காக இன்னைக்கும் காமன் டப்பாவை மணிக்கணக்கா கிளறுறவங்க இருக்காங்க. காமன் கார்டைக் கிளற வைக்கிற செட் தான் என் கணக்குல நல்ல செட்.

அரிது பத்தி கேட்டீங்க. அரிதா இருக்கிறது உதவும், ஆனா ஜனங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. 1952 டாப்ஸ் பேஸ்பால் செட்டை எடுத்துக்கங்க, 407 கார்டு, சை பெர்கர்னு ஒருத்தர் புரூக்ளின்ல தன் வீட்டு சமையலறை மேஜையில உக்காந்து டிசைன் பண்ணினது. முன்னாடி வீரரோட படம், டீம் சின்னம், கையெழுத்து மாதிரி அச்சு, பின்னாடி போன வருஷ கணக்கும் மொத்த கணக்கும். இன்னைக்கு நீங்க பார்க்கிற ஸ்போர்ட்ஸ் கார்டோட அமைப்பே பெரும்பாலும் அங்க இருந்து வந்தது தான். அதுல 311வது மிக்கி மேன்டில், நல்ல நிலையில இருந்த ஒண்ணு 2022ல 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. எல்லாரும் அது அரிதுன்னு சொல்லுவாங்க. அதோட கடைசி சீரிஸ், 311ல இருந்து 407 வரைக்கும், சீசன் முடியிற நேரத்துல வந்ததால சரியா விக்கல, மிஞ்சிப் போன பெட்டிகளை 1960ல படகுல ஏத்திட்டுப் போய் அட்லான்டிக் கடல்ல கொட்டிட்டு வந்ததா பெர்கரே சொல்லியிருக்கார், அதெல்லாம் சரி. ஆனா அந்த கடைசி சீரிஸ்லயே மேன்டில், பாபி தாம்சன், ஜாக்கி ராபின்சன் இந்த மூணு கார்டும் அச்சடிக்கிற பெரிய ஷீட்ல ரெண்டு ரெண்டு தடவை அச்சானது. அப்படின்னா அந்த சீரிஸ்ல பேர் தெரியாத மத்த ஆட்டக்காரங்க கார்டை விட மேன்டில் தான் அதிகம் அச்சாச்சு! அது அவரோட முதல் கார்டும் இல்ல, முந்தின வருஷம் 1951லயே பௌமன் கம்பெனி அவருக்கு கார்டு போட்டுடுச்சு. அரிதுல முதல் இடமும் இல்ல, முதல் கார்டும் இல்ல, ஆனாலும் அது தான் ராஜா, ஏன்னா அது 1952 டாப்ஸ்ங்கிற செட்டுக்குள்ள உக்காந்திருக்கு. செட் தான் கார்டுக்கு மரியாதை கொடுக்குது.

அதே செட்டுல இன்னொரு கார்டையும் பாருங்க. 1வது நம்பர் ஆன்டி பாஃப்கோ, நல்ல ஆட்டக்காரர் தான், ஆனா மேன்டில் அளவுக்கு இல்ல. அவரோட கார்டு நல்ல நிலையில கிடைக்கிறது குதிரைக் கொம்பு. பசங்க நம்பர் வரிசையா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாங்க, மேல இருக்கிற கார்டு பாஃப்கோ, ரப்பர் அறுத்ததும் தூசி பட்டதும் எல்லாம் அவர் மேல தான். அந்த பழைய கட்டு ஏதாவது என் கைக்கு வந்தா மேல் கார்டுலயும் அடி கார்டுலயும் பக்கவாட்டுல ஒரு சின்ன வெட்டு மாதிரி தடம் தெரியும், நடுவுல இருக்கிறதெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். இந்த மாதிரி அரிது தான் கலெக்டருக்கு ரொம்பப் பிடிக்கும், கம்பெனி திட்டம் போட்டு உண்டாக்கினது இல்ல, ஜனங்க ஆசையா வச்சு விளையாடினதால தானா உண்டானது.

அரிதே இல்லாம ஜெயிச்ச கார்டும் உண்டு. 1989ல அப்பர் டெக் கம்பெனி போட்ட பேஸ்பால் செட்டோட 1வது கார்டு கென் கிரிஃபி ஜூனியர். கார்டோட நிலையைப் பார்த்து மார்க் போடுற பிஎஸ்ஏ கம்பெனி மட்டுமே லட்சத்துக்கு மேல அந்த கார்டை கிரேடு பண்ணியிருக்காங்க, தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஆனாலும் இன்னைக்கும் அதுக்கு ஆள் இருக்கு. மைனர் லீக்ங்கிற கீழ்மட்ட போட்டித் தொப்பியோட எடுத்த போட்டோவுல தொப்பியை மட்டும் மரைனர்ஸ் டீம் தொப்பியா மாத்தி, இன்னும் பெரிய ஆட்டத்துல ஒரு பந்து கூட ஆடாத 19 வயசுப் பையனை 1வது நம்பர்ல போட்டாங்க. அந்த துணிச்சல், அந்த செட்டோட வழவழப்பான தாள், பின்னாடி ஒட்டின ஹோலோகிராம், அதுவரைக்கும் மெழுகுத் தாள்ல வந்த கார்டு ஃபாயில் பேக்ல வந்தது, எல்லாம் சேர்ந்து அந்த செட்டுக்கு ஒரு முகம் கொடுத்துடுச்சு. அதே காலத்துல மத்த கம்பெனிகள் மலை மலையா அச்சடிச்ச செட்டுகள் இப்பவும் பாக்ஸ் பிரிக்காம என் கடை பரண்ல கிடக்கு, கேக்க ஆள் இல்ல. அதிகமா அச்சடிச்சது மட்டும் காரணம்னா கிரிஃபியும் இந்நேரம் பரண்ல தான் இருக்கணும்.

இப்ப உங்க பேஸ் செட் 2க்கு வர்றேன். 130 கார்டு, பேஸ் செட்டுல இருந்தும் அதுக்கு அடுத்து வந்த ஜங்கிள் செட்டுல இருந்தும் பொறுக்கி எடுத்து மறுபடி அச்சடிச்சது, புதுப் படம் ஒண்ணு கூட இல்ல, ஃபர்ஸ்ட் எடிஷனும் கிடையாது. புதுசா விளையாட வர்ற பசங்களுக்கு அது நல்ல செட், அதுக்காகத் தான் போட்டாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா கலெக்டர் கண்ணுல அதுக்குன்னு ஒரு எல்லை இல்ல, அதோட எல்லை இன்னொரு செட்டுல இருந்து கடன் வாங்கினது. ஏன் இந்த 130, ஏன் வேற 130 இல்லன்னு கேட்டா பதில் இல்ல. அதே சாரிசார்ட் 4/130ன்னு வரும்போது படம் அதே தான், ஆனா அது முதல் தடவை வந்த இடம் இது இல்ல. தனியா நின்னா இந்த "முதல் தடவை"ங்கிற விஷயம் அற்பமா தெரியலாம், ஆனா கலெக்டர் மனசுல இதுக்கு இருக்கிற எடை ரொம்பப் பெருசு, நீங்க கேட்ட வித்தியாசத்துல பெரும் பங்கு இது தான்னு நான் நினைக்கிறேன்.

மறு அச்சு நம்பிக்கையை எப்படி உடைக்கும்ங்கிறதுக்கு மேஜிக் ஆட்டத்துல ஒரு பாடமே இருக்கு. 1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கின அந்த ஆட்டத்தோட முதல் அச்சு ஆல்ஃபா, மொத்தமே சுமார் 26 லட்சம் கார்டு, நாட்டுல தேடினவங்களுக்கு அது போதவே இல்ல. அப்புறம் 1995ல க்ரானிக்கிள்ஸ்னு ஒரு செட் போட்டு பழைய அரிய கார்டுகளை வெள்ளை பார்டரோட மறுபடி அச்சடிச்சாங்க. காசு கொடுத்து பழசை வாங்கி வச்சிருந்தவங்க கொதிச்சுட்டாங்க, 1996ல கம்பெனி ஒரு பட்டியலே போட்டு இந்த கார்டுகளை இனிமே அச்சடிக்கவே மாட்டோம்னு வாக்கு கொடுக்க வேண்டி வந்துச்சு. அந்த பட்டியல் நல்லதா கெட்டதான்னு இன்னைக்கும் சண்டை நடக்குது, விளையாடுறவங்க பக்கம் இருந்து பார்த்தா அது கெடுதல் தான், கார்டு விலை அவங்க கைக்கு எட்டல. என் மனசு ரெண்டு பக்கமும் போகுது, ஆனா கம்பெனி அடுத்து என்ன பண்ணும்ங்கிற பயம் இருக்கிற இடத்துல செட் கட்டுறவங்க நிம்மதியா இருக்க மாட்டாங்கங்கிறது மட்டும் நிச்சயம்.

இனி நான் உறுதியா சொல்ல முடியாத விஷயங்கள். சின்ன வயசு ஞாபகம் தான் எல்லாம்னு நிறைய பேர் சொல்றாங்க, நீங்களும் கேட்டிருக்கீங்க. பேஸ் செட்டுக்கு அது பெரிய காரணம்ங்கிறதுல சந்தேகம் இல்ல, 1999ல பத்து வயசா இருந்தவங்க இப்ப கையில சம்பளத்தோட திரும்பி வர்றாங்க, என் வாடிக்கையாளர்ல நிறைய பேர் அந்த வயசு தான். ஆனா டி206ஐ சின்ன வயசுல சிகரெட் பாக்கெட்டுல இருந்து எடுத்தவங்க ஒருத்தர் கூட இன்னைக்கு உயிரோட இல்ல, இருந்தும் அந்த செட்டுக்கு வருஷா வருஷம் புது ஆள் வந்துட்டே இருக்காங்க. அப்ப ஞாபகம் கதவைத் திறந்து விடும், ஆனா வீட்டை நிக்க வைக்கிறது வேற ஏதோ. எனக்குத் தோணுறது, ஒரு செட்டைச் சுத்தி பேசுறதுக்கு நிறைய இருந்தா, யார் வரைஞ்சாங்க, எந்த அச்சு முதல்ல வந்துச்சு, பின் பக்கத்துல எந்த சிகரெட் கம்பெனி விளம்பரம்னு நோண்டிட்டே போக இடம் இருந்தா, ஞாபகம் இல்லாதவங்களும் உள்ள வருவாங்க. இது என் அனுமானம் தான், பேஸ் செட் இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு எப்படி நிக்குதுன்னு பார்த்தா தான் இது சரியான்னு தெரியும்.

அதே மாதிரி 2020, 21ல நடந்ததை வச்சு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அப்ப வந்த கூட்டத்துல 2021 மார்ச்ல பிஎஸ்ஏ தன்னோட பெரும்பாலான சேவைகள்ல கிரேடு பண்ண புதுசா கார்டு எடுத்துக்கிறதை நிறுத்தி வச்சாங்க, மே மாசம் டார்கெட்ங்கிற அமெரிக்க கடைகள்ல அடிதடி பயத்துல கார்டு விக்கிறதையே நிறுத்தினாங்க. அந்த நேரத்துல எது விலை ஏறிச்சுங்கிறது பணத்தோட கதை, செட்டோட கதை இல்ல. 2022ல ஃபர்ஸ்ட் எடிஷன் சாரிசார்ட், பிஎஸ்ஏ 10, அதாவது முழு மார்க் வாங்கினது, ஒண்ணு 4,20,000 டாலருக்கு போச்சு, ஆனா அதை வாங்கினவர் 43வது நம்பர் ஆப்ராவையும் தேடினாரான்னு கேட்டா எனக்கு சந்தேகம் தான்.

புது செட்டுகள்ல என் பார்வையில சரியா பண்ணினது 2023ல வந்த 151. முதல் 151 போகிமானையும் போகிடெக்ஸ், அதாவது போகிமான் பட்டியலோட நம்பர் வரிசையிலயே போட்டாங்க, 1 புல்பசார், 151 மியூ, ட்ரெய்னர் கார்டு சேர்த்து 165, அதுக்கு மேல சீக்ரெட் கார்டு சேர்த்து 207. விளையாட்டு மூலமா அந்த வரிசை ஏற்கனவே பாதிப் பேருக்கு மனப்பாடம், அதனால எல்லையை யாரும் புதுசா கத்துக்க வேண்டியதில்ல. 165ஐ ஒரு சாதாரண சம்பளக்காரர் நிம்மதியா முடிக்கலாம், 207க்கு போகணும்னா கஷ்டப்படணும், எங்க நிறுத்தினாலும் முடிச்ச மாதிரி தான் இருக்கும். 2021 எவால்விங் ஸ்கைஸ் வேற மாதிரி, 203க்கு மேல சீக்ரெட் எல்லாம் சேர்த்து 237, அதுல 215வது அம்ப்ரியான் கார்டு அவ்வளவு அழகு, நானே பிரமிச்சுப் போய் பார்த்திருக்கேன், ஆனா என்கிட்ட வர்றவங்கள்ல அந்த ஒரு கார்டைக் கேக்கிறவங்க தான் அதிகம், அந்த செட்டை முழுசா கட்டுறேன்னு நம்பர் எழுதிட்டு வர்றவங்க ரொம்பக் கம்மி. பெரிய கார்டு மொத்த செட்டையும் முழுங்கிடுச்சு. ஒரே படத்தை பத்து கலர் பார்டர்ல போட்டு ஒவ்வொண்ணுலயும் நம்பர் அடிக்கிற இன்னைய ஸ்போர்ட்ஸ் செட்டுகள் பத்தியும் எனக்கு இதே குறை தான், அதுல செட்ங்கிற சொல்லுக்கே அர்த்தம் போயிடுச்சு.

சரி, உங்களுக்கு எது. முதல் தடவை கட்டுறீங்க, பழைய செட் வேணும்னு ஆசை இருக்குன்னா பேஸ் செட்டுல தொடங்காதீங்க, சாரிசார்ட் ஒண்ணே உங்க பட்ஜெட்டைக் காலி பண்ணிடும், அந்த கோபத்துல மத்த 101ஐ ரசிக்க மாட்டீங்க. 1999 ஜூன்ல வந்த ஜங்கிள் செட்டோட அன்லிமிடெட் அச்சை, அதாவது ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை இல்லாததை எடுங்க. அதுல 64 கார்டு, ஆனா முதல் 16 ஹோலோவும் 17ல இருந்து 32 வரைக்கும் இருக்கிற சாதாரண ரேரும் அதே படம் தான். செட் டிசைனா பார்த்தா எனக்கு அது பிடிக்கல, ஒரே படத்தை ரெண்டு தடவை போட்டு எண்ணிக்கையைக் கூட்டினது தான். ஆனா புதுசா கட்டுறவங்களுக்கு அது பெரிய வசதி, 17ல இருந்து 64 வரைக்கும் 48 கார்டு வாங்கினா ஒரு ஹோலோ கூட இல்லாம அந்த செட்டோட எல்லாப் படமும் உங்க கையில இருக்கும். ஸ்நார்லாக்ஸ், வேபோரியான், ஜோல்டியான், ஃபிளேரியான் எல்லாம் அதுல வந்துடும், அப்புறம் ஆசை தீரலன்னா ஹோலோ 16ஐ ஒவ்வொண்ணா சேர்க்கலாம். 33ல இருந்து 64 வரைக்கும் உள்ள அன்காமன், காமனை தனித்தனியா வாங்காதீங்க, யாராவது மொத்தமா விக்கிற கட்டா வாங்குங்க, கார்டு விலையை விட தபால் செலவு தான் உங்களைக் கொல்லும். வாங்கும்போது முன் பக்கத்தை விட பின் பக்க நீல ஓரத்தைப் பாருங்க, வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா அது ஸ்லீவ்ங்கிற பிளாஸ்டிக் உறை இல்லாம விளையாடின கார்டு, ஹோலோவா இருந்தா லைட்டை சாய்ச்சுப் பிடிச்சு கீறலைப் பாருங்க. பைண்டர் வாங்கினா வட்ட வளையம் உள்ளதை வாங்காதீங்க, மூடி வைக்கும்போது முதல் பக்க கார்டு ஓரத்துல அந்த வளையம் அழுத்தி தடம் விழுந்துடும், டி வடிவ வளையம் இல்லன்னா வளையமே இல்லாத பைண்டர், பக்கவாட்டுல செருகுற ஒன்பது பாக்கெட் பக்கம், பிவிசி இல்லாததான்னு அட்டையில போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. 48க்கு ஆறு பக்கம் போதும், ஆறாவது பக்கத்துல ஆறு பாக்கெட் காலியா நிக்கும்.